விடைத்தாளில் சிந்தனை தெரியாதபோது: உயர்கல்வி ஆசிரியருக்கான பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி கற்பிப்போர், பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் கல்வியியற் கல்லூரியில் இருந்தாலும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் இருந்தாலும், விடைத்தாள் திருத்தும் காலத்தில் ஒரே முறைப்பாட்டைச் சொல்வதைக் கேட்கலாம்: பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆனால் சிந்திக்கிறார்களில்லை. இந்த முறைப்பாடு உண்மையாகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்களால் வரும் பல பிழைகள் அதன் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் திருத்தம் மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும். ஆகவே இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வகுப்பில் எதைக் காண்கிறீர்களோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். ஆனால் முதற்பகுதியை மட்டும் எவரும் தாண்டிப் போக வேண்டாம். பல அறிகுறிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. என் பாடம் நீர்வளம் சார்ந்தது என்பதால் உதாரணங்களிற் பல கிணற்றடியிலிருந்து வரும்.

எந்த அறிகுறிக்கும் முன்: வினாத்தாளையும் புள்ளித்திட்டத்தையும் பாருங்கள்

உங்கள் பாடநெறியின் கடைசி இரண்டு ஆண்டு வினாத்தாள்களையும் அவற்றின் புள்ளித்திட்டங்களையும் மேசையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு பகுதி வினாவையும் வாசித்து, குறிப்பைப் பாடமாக்கிய ஒருவர் விளங்காமலேயே இதற்கு முழுப் புள்ளி பெற முடியுமா என்று கேளுங்கள். முடியுமானால் அந்த வினாவைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பின்னர் வட்டமிட்ட வினாக்களின் புள்ளிகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை சித்திக்கான எல்லையைத் தாண்டுகிறது என்றால், மனனம் செய்யும் மாணவர் சோம்பலால் அப்படிச் செய்யவில்லை. நாம் வைத்த விதிகளைச் சரியாகக் கணக்கிட்டு நடந்திருக்கிறார். அந்தக் கூட்டுத்தொகை திறமைச் சித்தியையும் தாண்டினால், நாம் ஆண்டுதோறும் பாராட்டிப் பட்டமளிக்கும் மாணவர்களைப் பற்றியும் நமக்கு அதிகம் தெரியாது என்றே கொள்ள வேண்டும்.

பாடநெறி விவரணத்தில் இருக்கும் கற்றல் பேறுகள் வேறு கதை சொல்லும். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் சகாக்களும் 1956 இல் வகுத்து, 2001 இல் அன்டர்சன், கிராத்வோல் ஆகியோர் திருத்தியமைத்த சிந்தனைப் படிநிலைகளிலிருந்து எடுத்த ‘பகுப்பாய்வு செய்வர்’, ‘மதிப்பிடுவர்’, ‘உருவாக்குவர்’ என்னும் வினைச்சொற்கள் எல்லாத் துறைகளின் கோப்புகளிலும் உண்டு. மாணவர் அந்தக் கோப்பை வாசிப்பதில்லை. கடந்தகால வினாத்தாளைத்தான் வாசிக்கிறார். கற்றல் பேறு, கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்று கல்வியியலாளர் ஜோன் பிக்ஸ் 1996 இல் வலியுறுத்தியது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

வினைச்சொல்லை மட்டும் மாற்றுவதால் இது தீராது. ‘விமர்சன ரீதியாக ஆராய்க’ என்று கேட்டுவிட்டு, குறிப்பிலுள்ள ஐந்து அம்சங்களுக்குத் தலா நான்கு புள்ளி என்று திட்டம் எழுதினால் அது ‘பட்டியலிடுக’ என்னும் வினாவே. திருத்தத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள். மொத்தப் புள்ளியில் ஏறத்தாழ காற்பங்கை, மாணவர் முன்னர் கண்டிராத தரவு, பந்தி, வரைபடம் அல்லது சம்பவம் ஒன்றின் மீதான வினாவுக்கு ஒதுக்குங்கள். அதை அரையாண்டின் முதல் வாரத்திலேயே அறிவியுங்கள். அதே வகை வினாக்களைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை செய்வியுங்கள். பயிற்சி தராமல் பரீட்சை மண்டபத்தில் திடீரென்று புதுவகை வினாவைக் கொடுப்பது அநீதி. மாணவர் அதைப் பொறியாகவே பார்ப்பார்கள், அடுத்த ஆண்டு அந்த வினாவுக்கும் ‘மாதிரி விடை’ ஒன்று கைக்குக் கை மாறும்.

அறிகுறி: விடைத்தாள்கள் எல்லாம் ஒரே வசனங்களில் இருக்கின்றன

இருபது விடைத்தாள்களில் ஒரே முன்னுரை, ஒரே வரிசை, சில வேளைகளில் ஒரே எழுத்துப்பிழை. மூலம் பெரும்பாலும் போட்டோக்கொப்பி கடையில் கட்டாக விற்கும் சீனியர்களின் குறிப்பு, அல்லது வட்ஸ்அப் குழுவில் சுற்றும் அதன் படம்.

இதைக் கண்டவுடன் மாணவரைக் குறைகூறுவது எளிது. அவர்கள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் படித்து வந்த பிள்ளை, 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலத்தில் விடையளிக்கவும், கட்டுரை வினாவில் புள்ளித்திட்டம் எதிர்பார்க்கும் சொற்றொடரை அப்படியே எழுதவும் ரியூட்டரிகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழக்கப்பட்டவர். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் தசமதானத்தில் பீடமே மாறிப்போகும் போட்டியில் அந்தப் பழக்கம்தான் அவரை உங்கள் வகுப்புக்குள் கொண்டுவந்தது. அவரைப் பொறுத்தவரை நன்கு வேலை செய்த ஒரு முறையைக் கைவிட அவருக்குக் காரணம் வேண்டும்.

இங்கே இரண்டு பிழைகள் ஒரே தோற்றத்தில் வருகின்றன. ஒரு மாணவர் விளங்காமல் பாடமாக்கியிருக்கிறார். மற்றவர் விளங்கியும், சொந்த வசனத்தில் எழுதினால் புள்ளி குறையும் என்று பயந்து குறிப்பின் வசனத்தையே எழுதியிருக்கிறார். இவ்விருவரையும் பிரித்தறியாமல் எந்தத் திருத்தத்தையும் தொடங்க வேண்டாம். குறிப்பை மூடிவைத்துவிட்டு, அதே கருத்தை வீட்டிலிருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வதுபோல, தன் ஊரிலிருந்து ஓர் உதாரணத்துடன், ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், புள்ளி வேண்டாம். எழுதிவிட்டார்கள் என்றால் பிழை உங்கள் புள்ளித்திட்டத்தில் இருக்கிறது. சொந்த உதாரணத்துக்கு எனத் தனிப் புள்ளி வைத்து, அதை வகுப்பிலும் சொல்லிவிடுங்கள், பயம் ஒரு அரையாண்டுக்குள் குறையும்.

எழுத முடியவில்லை என்றால் படிக்கும் முறையில் பிழை. பெரும்பாலான மாணவர் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று எண்ணுகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் நடந்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமையின் பின் நடந்த சோதனையிலோ, பந்தியை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு வாசிப்பது வேலை செய்வதுபோல் தோன்றுவதற்கும், அடுத்த ஆண்டுப் பாடத்துக்கு எதுவும் மிஞ்சாததற்கும் இது ஒரு விளக்கம். ஒவ்வொரு விரிவுரையின் தொடக்கத்திலும் சென்ற கிழமைப் பாடத்திலிருந்து மூன்று சிறு வினாக்களைப் புள்ளியின்றிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடத்தைப் பாடத்திட்டத்திலிருந்து திருடுவதாக நினைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை

“விளங்குதா?” என்று கேட்கிறீர்கள். முன்வரிசையில் சிலர் தலையாட்டுகிறார்கள். “கேள்வி ஏதும் இருக்குதா?” மௌனம். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஒருவர் பின்னால் ஓடிவந்து, “சேர், இது சோதினைக்கு வருமா?” என்று கேட்கிறார். அரைமணி நேரத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒரே வினா அதுதான்.

முதற்காரணத்தை உங்கள் கைக்கடிகாரத்தில் தேடுங்கள். வினாவைக் கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, காரணம் சொல்லும் விடைகள் கூடின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று செக்கன் என்பது கேட்பதற்குச் சிறிது. வகுப்பின் முன் நிற்கும் ஒருவருக்கு மிக நீளமானது. அதை நிரப்பப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது காரணம் மரியாதை. பெரியவர் முன் பிழையாகப் பேசிவிடக் கூடாது, ஆசிரியரை மறுப்பதுபோல் தோன்றக் கூடாது என்று வளர்ந்த பிள்ளையை, எண்பது பேர் நடுவில் எழுந்து நின்று கருத்துச் சொல்லச் சொல்கிறோம். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பாடசாலைகளில் படித்து வந்தவர்கள் ஒரே மண்டபத்தில் இருப்பதும் முதலாம் ஆண்டில் ஒரு தயக்கம்தான். இந்த மரியாதையை உடைக்க முயல வேண்டாம். அதைச் சுற்றிப் போக வழியுண்டு. முதலில் எல்லோரும் எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருடன் பேச வேண்டும், அதன் பிறகே வகுப்புக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது கட்டத்தில் “உங்கட விடை என்ன?” என்று கேட்காமல் “நீங்கள் இருவரும் எதில் உடன்படவில்லை?” என்று கேளுங்கள். அப்போது எவரும் தன் பிழையை வெளிப்படுத்த வேண்டியதில்லை. இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை அறிவித்தாற் போதும்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 இல் தொடங்கிய முறையும் இதன் உறவினரே. கருத்தைச் சோதிக்கும் ஒரு பல்தேர்வு வினா. ஒவ்வொருவரும் தனியாகத் தெரிவு செய்வார். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் வரை வந்தால் அயலவருடன் விவாதித்து மீண்டும் தெரிவு செய்வார்கள். அதற்குக் குறைவாக வந்தால் மீண்டும் விளக்க வேண்டும், கூடினால் நேரே அடுத்ததற்குப் போகலாம். அவர் பயன்படுத்திய மின்னணுக் கருவி நமக்கு அவசியமில்லை. ஒன்று முதல் நான்கு வரை விரல்களை நெஞ்சருகே காட்டச் சொன்னால் மண்டபம் முழுவதும் ஒரு பார்வையில் தெரியும், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது.

வெளிநாட்டு முறை நமக்குச் சரிவராது என்று சொல்லும் சக ஆசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கொண்டாலும் புலமையில் காற்கூறே வரும், உடன் கற்பவருடன் பயில்வதால் இன்னொரு காற்கூறு வரும், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைக்கூறும் வரும் என்று கணக்கிட்டுச் சொல்லியிருப்பது நன்னூலின் பாயிரம். நமது விரிவுரை மண்டபங்களில் முதற் காற்கூறு மட்டும்தான் நடக்கிறது.

அறிகுறி: முடிபு இருக்கிறது, அதற்கான நியாயம் இல்லை

இதுவே நான் அதிகம் கவலைப்படும் பிழை; நன்றாகப் படிக்கும் மாணவரிடமும் உண்டு. ஒரு விடைத்தாளைக் கிட்டப் பார்ப்போம். வினா இது: கோப்பாய்ப் பகுதியில் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்று-நைதரசன் லீற்றருக்கு 12 மில்லிகிராம் எனக் கொள்க. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டற் பெறுமானம், நைத்திரேற்றாக, லீற்றருக்கு 50 மில்லிகிராம். இந்நீரைப் பற்றி உங்கள் முடிபு என்ன?

விடை: “12 என்பது 50 இலும் குறைவு. ஆகவே நீர் பாதுகாப்பானது. எனினும் விவசாயிகள் அதிக யூரியா இடுவதால் நைத்திரேற்று கலந்துள்ளது. அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்.” எழுத்து அழகு, வசனம் சுத்தம். ஆனால் இரண்டு இடங்களில் தரவிலிருந்து முடிபுக்குப் பாய்ந்திருக்கிறார். முதலாவது, இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை. நைதரசனாக அளந்ததை நைத்திரேற்றாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். 12 என்பது ஏறத்தாழ 53 ஆகிறது, நீர் எல்லையைத் தாண்டிவிட்டது. மிகை நைத்திரேற்று கைக்குழந்தைக்குத் தீங்கானது என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பிழைக்கு விலை உண்டு. இரண்டாவது, யூரியாதான் காரணம் என்பதற்கு வினாவில் எந்தச் சான்றும் இல்லை. நமது வளவுகளில் கிணறும் மலகூடக் குழியும் ஒரே சுண்ணக்கல்லின் மேல் இருக்கின்றன. குழியிலிருந்தும் நைத்திரேற்று வரும். தோட்டம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதை முடிவாக எழுதியிருக்கிறார், ஏனெனில் குறிப்பில் அப்படித்தான் இருந்தது.

இதற்கான திருத்தம் ‘விமர்சனச் சிந்தனை’ என்ற தலைப்பில் ஒரு தனி விரிவுரை வைப்பதால் வராது. அலகைப் பார்க்க வேண்டும் என்று சிந்திக்க நைத்திரேற்றைப் பற்றி அறிவு வேண்டும். பாட அறிவிலிருந்து பிரித்தெடுத்த சிந்தனைத் திறன் என்று ஒன்றைக் கற்பிக்க முயன்றால் அது சில பொது அறிவுரைகளாகவே முடியும். பாடத்தின் உள்ளேயே, ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டியது இது: மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958 இல் முன்வைத்த வாத அமைப்பைச் சுருக்கி, பலகையில் மூன்று நிரல்களாக வரையுங்கள்: முடிபு, தரவு, இரண்டையும் இணைக்கும் நியாயம். மாணவர் முதல் இரண்டையும் உடனே நிரப்புவார்கள். மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைக் கண்ணால் காண்பதே பாதி வேலை. அதன்பின் ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: எந்த அவதானம் கிடைத்தால் உங்கள் முடிபை மாற்றுவீர்கள்? கிணற்று நீரில் மலக் கலப்பைக் காட்டும் கோலிபோம் பக்டீரியா இருக்கிறதா, குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, உரமிட்டபின் வரும் மாரி மழையோடு செறிவு ஏறி இறங்குகிறதா என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

புள்ளித்திட்டமும் இதற்கேற்ப மாற வேண்டும். மேற்படி வினாவுக்கு 20 புள்ளி என்றால் நான் பிரிப்பது இப்படி: அலகு மாற்றத்துக்கு 4, எண்ணோடு இணைத்த முடிபுக்கு 4, மாற்றுக் காரணம் ஒன்றைக் காட்டியதற்கு 4, இரு காரணங்களையும் வேறுபடுத்தும் சான்றைச் சொன்னதற்கு 5, ஒரேயொரு நீர்மாதிரியை வைத்து எதைச் சொல்ல முடியாது என்பதற்கு 3. விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பதற்குப் புள்ளி இல்லை. பல்லாண்டுகளாக எல்லா விடைகளின் ஈற்றிலும் அந்த வசனம் வந்துகொண்டிருப்பதற்கு நாம் அதற்கு ஒரு புள்ளி போட்டு வந்ததே காரணம்.

இதே பிழையின் மறுமுகம், சாதகம் ஐந்து, பாதகம் ஐந்து என்று எழுதிவிட்டு முடிபே சொல்லாத விடை. நடுநிலை என்று மாணவர் அதை நம்புகிறார். ‘உங்கள் முடிபை முதல் வசனத்தில் எழுதுக, பாதகங்களில் மிக வலுவானது எது, அது ஏன் உங்கள் முடிபை மாற்றவில்லை என்று விளக்குக’ என்று வினாவை மாற்றினாற் போதும்.

அறிகுறி: ‘அறிஞர் கூறுகின்றார்’ என்பதோடு விடை நின்றுவிடுகிறது

கலைப் பாடங்களில் இது அதிகம். மேற்கோள் மேல் மேற்கோளாக வரும், எதையும் எடைபோட்டிருக்காது. யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய கட்டுரையில் யாழ்ப்பாண வைபவமாலையை ஆதாரம் காட்டும் மாணவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இது எப்போது எழுதப்பட்டது, யாருடைய ஆட்சியில் எழுதப்பட்டது, சொல்லப்படும் நிகழ்வுகளிலிருந்து எவ்வளவு காலத்துக்குப் பின்? இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. நூல் தோன்றியது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில். நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. எந்தச் செய்திக்கு அது நல்ல சான்று, எதற்கு வேறு சான்று தேட வேண்டும் என்று மாணவர் பிரித்தெழுத வேண்டும் என்பதே நோக்கம். உசாத்துணைப் பட்டியலில் ஒவ்வொரு மூலத்துக்கும் கீழே இத்தகைய இரண்டு வரிகளை எழுதச் சொல்லுங்கள். பட்டியல் குறுகும், கட்டுரை தேறும்.

அறிகுறி: தமிழில் விளங்குகிறது, ஆங்கிலத்தில் ஒன்றும் வருவதில்லை

விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் முதலியவற்றை ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கும் எவரும் இதைக் கண்டிருப்பார்கள். ஆவணி மாதத்தில் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏன் கூடுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாணவி, தமிழில் சொல்லுங்கள் என்றதும் சொன்னார்: “மழை இல்லை சேர், எல்லாரும் மோட்டர் போட்டு இறைக்கினம். மேல இருக்கிற நல்ல தண்ணி குறையக் குறைய, கீழ இருக்கிற உப்புத் தண்ணி மேல ஏறி வருது.” உவர்நீரின் மேல் மிதக்கும் நிலத்தடி நன்னீர்ப் படையின் (நன்னீர் வில்லையின்) நடத்தையை இதைவிடச் சரியாகச் சொல்வது கடினம். நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் உவர்நீர் எல்லை கோட்பாட்டளவில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரும் என்னும் கைபன்-ஹேர்ஸ்பேர்க் தொடர்பு மட்டும்தான் அவருக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. பேராறு இல்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பி வளர்ந்த பிள்ளைக்கு அது பாடநூலுக்கு முன்பே தெரிந்த விடயம்.

இந்த மாணவியைச் ‘சிந்திக்காதவர்’ என்று குறித்திருந்தால் அது நம் அளவீட்டின் பிழை. மொழியின் சுமையும் கருத்தின் சுமையும் ஒரே நேரத்தில் ஏறும்போது கருத்தே கீழே விழுகிறது. ஆகவே இரண்டையும் வேறு வேறு வேளைகளில் ஏற்றுங்கள். குழுக் கலந்துரையாடல் தமிழில் நடக்கட்டும். பின்னர் ஒவ்வொரு குழுவும் தன் வாதத்தை ஆங்கிலத்தில் நான்கே வசனங்களில் எழுதட்டும். காரணம் காட்டல், எதிர்க்கருத்தை ஏற்றல், வரையறை இடல் ஆகியவற்றுக்கான ஆங்கில வசனச் சட்டகங்கள் பத்துப் பன்னிரண்டை ஒரு தாளில் கொடுங்கள். தொடர் மதிப்பீட்டில் கருத்துக்கும் மொழிக்கும் தனித்தனிப் புள்ளி இடுங்கள், மாணவர் தன் குறை எங்கே என்று அறியட்டும். விரிவுரையையே முழுவதும் தமிழில் நடத்திவிட்டுப் பரீட்சையை ஆங்கிலத்தில் வைப்பது மட்டும் வேண்டாம். அன்பினால் செய்வதாக இருந்தாலும் அது மாணவரைக் கடைசி நாளில் கைவிடுகிறது.

அறிகுறி: ஒப்படை அப்பழுக்கில்லை, நேரில் கேட்டால் விளக்கம் இல்லை

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதாக இருக்கலாம், காசு கொடுத்து எழுதுவித்ததாக இருக்கலாம், சீனியருடையதாக இருக்கலாம். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தண்டிக்க வேண்டாம். அவை நேர்மையான மாணவரையும் பிடிக்கும். ஒப்படையையே மாற்றி அமைப்பது நல்லது. மாணவர் தானே அளந்த, தானே பேட்டி கண்ட, தன் ஊர்ச் சந்தையிலோ வயலிலோ எடுத்த தரவு அதில் இருக்க வேண்டும். திட்டம், முதல்வரைவு, இறுதிவரைவு என்று மூன்று கட்டங்களில் வாங்குங்கள். இறுதியில் ஆளுக்கு மூன்று நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்: எந்தப் பந்தியை எழுதக் கடினமாக இருந்தது, எதை வெட்டினீர்கள், ஏன்? தானே எழுதியவர் இதற்குத் தடுமாறமாட்டார். பெரிய வகுப்பில் எல்லோரையும் கேட்க முடியாவிட்டால் குலுக்கல் முறையில் கேளுங்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழு ஒப்படையில் ஒருவரே எல்லாம் செய்கிறார் என்பதற்கும் இதே வாய்மொழி வினா போதும்; மற்றவர் எழுதிய பகுதியைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

அறிகுறி: எவ்வளவு குறிப்பெழுதினாலும் அடுத்த ஒப்படையில் அதே பிழை

சிவப்புப் பேனாவால் ஓரமெல்லாம் எழுதித் திருப்பிக் கொடுக்கிறீர்கள். மாணவர் முதற்பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார். ரூத் பட்லர் 1988 இல் பாடசாலை மாணவரிடம் நடத்திய ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். புள்ளியும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைவிட மேலாகச் செய்யவில்லை. எண் கருத்துரையை விழுங்கிவிடுகிறது. பல்கலைக்கழக வயதினருக்கும் இது பெரிதும் பொருந்துவதையே நான் காண்கிறேன்.

ஆகவே முதல்வரைவுக்குக் கருத்துரை மட்டும் கொடுங்கள், எண் வேண்டாம். கருத்துரையும் இரண்டுக்கு மேல் வேண்டாம்: சரியாக அமைந்த ஓர் இடம், மாற்ற வேண்டிய ஓர் இடம். இறுதிவரைவின் முதற்பக்கத்தில், கருத்துரையைக் கொண்டு என்ன மாற்றினேன் என்று மாணவர் மூன்று வரி எழுத வேண்டும். அது இல்லாமல் ஒப்படையைப் பொறுப்பேற்க வேண்டாம். உங்கள் திருத்தும் நேரமும் குறையும்.

அறிகுறி: ‘சேர் ஒண்டும் படிப்பிக்கிறேல்லை’ என்று முறைப்பாடு வருகிறது

மேற்சொன்னவற்றைத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் கிழமையில் இது வரும். குறிப்பு தருவதில்லை, எங்களையே பேசவைக்கிறார் என்பார்கள். மனம் தளர வேண்டாம். ஹார்வார்டில் பௌதிகவியல் மாணவரிடம் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வொன்றில், மாணவரே செய்தும் பேசியும் கற்கும் செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் சோதனையில் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே தாங்கள் உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றும் கூடுதலாகக் கற்றதாக எண்ணினார்கள். மூளை உழைக்கும்போது வரும் தடுமாற்றத்தை மாணவர் விளங்காமை என்று எடுத்துக்கொள்கிறார். இதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விஞ்ஞான, பொறியியற் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியிட்ட பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் கேட்ட மாணவர் சித்தியடையத் தவறும் வாய்ப்பு, செயல்வழி கற்றவரைவிட ஒன்றரை மடங்காக இருந்தது என்பதையும் காட்டுங்கள்.

ஆனால் முறைப்பாட்டில் நியாயமான பகுதியும் இருக்கலாம். நல்ல, சுருக்கமான குறிப்பை அச்சிட்டுக் கொடுங்கள். அதை மறுப்பது கொள்கையாகாது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைக்கணக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கணக்குள்ள பாடநெறி 150 மணித்தியாலம். அதில் விரிவுரை 45 தான். மீதி 105 இல் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோமா? எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த நேரம் பரீட்சைக்கு முந்திய பத்து நாளில் ஒரேயடியாகச் செலவாகும்.

அறிகுறி: உங்கள் பாடத்தில் சிந்திக்கிறார், அடுத்த பாடத்தில் பழையபடி

தனியாசிரியர் ஒருவர் இதைத் திருத்த முடியாது. ஒரு பாடத்தில் பழகியது தானாக மற்றொன்றுக்குத் தாவுவதில்லை. அதே கேள்விகள் வேறு பாடத்திலும், வேறு ஆசிரியர் வாயிலாகவும் கேட்கப்பட வேண்டும். துறைக்கூட்டத்தில் பெரிய சீர்திருத்தம் எதையும் முன்வைக்காமல் இரண்டைக் கேளுங்கள். முடிபு, தரவு, நியாயம் என்னும் மூன்று நிரலையும் எல்லாப் பாடங்களின் பயிற்சி வகுப்பிலும் அதே பெயர்களில் பயன்படுத்துவது ஒன்று. வினாத்தாள் மட்டுப்படுத்தலுக்கு, அதாவது வேறோர் ஆசிரியர் சரிபார்ப்பதற்குப் போகும்போது புள்ளித்திட்டமும் கூடவே போய், பாடமாக்கினாற் போதுமான வினாக்களை மட்டுப்படுத்துநர் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும். முதல்முறை உங்கள் வினாத்தாளையே கொடுத்துத் தொடங்குங்கள்.